மலையூரில் இருவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



   செயலாளர் அவர்கள் எனக்கு அளித்த பொருள், "பெருநகரை விட்டு மலையூரில் குடியேறுதல்" என்பதாகும்.

இப்பொருளை அவர் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. தில்லியில் வாழும் நம் குடும்பங்களில் இப்பேச்சு அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் இந்நகரின் வானம் சாம்பல் நிறம் கொள்கிறது. முதியோர் காலை உலாவை நிறுத்திவிடுகின்றனர். வைகாசியிலோ இரவிலும் சுவர் சுடுகிறது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கும் வழக்கம் பரவியது. ஆகவே, முன்பு ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே எண்ணிய ஒன்றை இப்பொழுது முப்பது வயதுத் தம்பதியரும் எண்ணுகின்றனர். "இருவருமாக ஏதேனும் ஒரு மலையூருக்குப் போய்விட்டால் என்ன?" என்பதே அந்த எண்ணம். போகலாமா, போனால் எவ்வாறு வாழலாம் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மலை என்றவுடன் தமிழர் நெஞ்சில் குறிஞ்சி தோன்றும். நம் இலக்கண நூலோர் குறிஞ்சிக்குப் புணர்தலை உரிப்பொருளாக வகுத்தனர். முல்லைக்கு இருத்தலை வகுத்தனர். இருத்தலாவது ஆற்றியிருத்தல், அதாவது பொறுத்துக் காத்திருத்தல். மலைக்குக் குடிபோகும் தம்பதியர் குறிஞ்சியை எண்ணிப் புறப்படுகின்றனர். சென்று சேர்ந்தபின் அவர்கள் வாழவேண்டியது பெரும்பாலும் முல்லை வாழ்க்கையே. மழை விடக் காத்திருக்கவேண்டும். சரிந்த மண்ணை அகற்றிச் சாலை திறக்கும்வரை காத்திருக்கவேண்டும். மின்சாரம் வரக் காத்திருக்கவேண்டும். அயலார் நம்மை ஊராராக ஏற்றுக்கொள்ளும்வரை, எல்லாவற்றினும் நீண்ட காலம் காத்திருக்கவேண்டும்.

மலையேறுதல் தில்லித் தமிழருக்கு முற்றிலும் புதிதன்று. 1864 முதல் சிம்லா ஆங்கில ஆட்சியின் கோடைத் தலைநகராக விளங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை ஆண்டுதோறும் அரசு அலுவலகங்கள் கோடையில் அங்கு பெயர்ந்தன. கோப்புகளோடு எழுத்தர்களும் சென்றனர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. ஆயினும் அவர்கள் நகரத்தையே தம்மோடு சுமந்து சென்றவர்கள். அலுவலகம் உடன் வந்தது, சம்பளம் உடன் வந்தது, பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வந்தார். குளிர் தொடங்கியதும் அனைவரும் ஒருங்கே இறங்கினர். இன்று மலைக்குச் செல்லும் கணவன் மனைவியரோ அங்கே இருவர் மட்டுமே. உடன் வருவோரும் இல்லை. இறங்கவேண்டிய நாளும் இல்லை. ஆகையால் இது வேறு வகைப் பெயர்ச்சி.

நான் ஓரளவு அறிந்த மலையூர் அல்மோரா. ஆதலின் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தில்லியில் இரவு இரயிலேறினால் விடியற்காலையில் காட்கோதாம் நிலையத்தை அடையலாம். இருப்புப்பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அப்பால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மலைச்சாலை. கோசி ஆற்றை ஒட்டி நெடுந்தூரம் சென்று, பின்பு மேலேறினால், குதிரை லாடம் போல் வளைந்த ஒரு மலைமுகட்டின் மேல், கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தையொட்டி அவ்வூர் அமைந்திருக்கக் காணலாம். வானம் தெளிந்த நாளில் வடக்கே திரிசூலமும், 7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவியும், பஞ்சசூலியும் தெரியும்.

நைனிதாலையும் முசோரியையும் போல் ஆங்கிலேயர் கோடைக்காக அமைத்த ஊர் அன்று அல்மோரா. பதினாறாம் நூற்றாண்டில் சந்த் அரசர்கள் தலைநகராகக் கொண்ட குடிமக்களின் ஊர் அது. கல் பாவிய கடைத்தெரு, செம்பு அடிக்கும் தம்டா குலத்தார், சர்க்கரை மணிகள் பதித்த பால் மிட்டாய், வழக்கு மன்றம், பள்ளிகள், கோயில்கள் என்று தனக்கெனத் தொழிலும் பழக்கமும் உடைய ஊர். விருந்தினருக்காக அது காத்திருக்கவில்லை. குடியேற விரும்புவோர் இந்த உண்மையை முதலில் மனத்திற் கொள்வது நலம்.

பெருநகரை விட்டு இவ்வூருக்கு வந்த தம்பதியர் பலருள் எடுத்துச் சொல்லத்தக்க இருவரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். ஒருவர் வங்காளத்தின் விஷ்ணுபூரில் 1887-ல் பிறந்த போஷி சென் என்னும் அறிவியலார். இவர் ஜகதீச சந்திர போஸிடம் பல்லாண்டு பணியாற்றித் தாவர ஆராய்ச்சியில் தேர்ந்தவர். 1924-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், விவேகானந்தர் மறைந்த அதே தேதியில், கல்கத்தாவில் தம் இல்லத்திலேயே விவேகானந்தர் பெயரால் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார். மற்றவர் கெர்ட்ரூட் எமர்சன் அம்மையார். அமெரிக்க நாட்டவர், நியூயார்க்கில் வெளிவந்த 'ஏஷியா' என்னும் இதழின் ஆசிரியர்களுள் ஒருவர், 1925-ல் பெண் புவியியலாளர் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். வட இந்தியச் சிற்றூர் ஒன்றில் தங்கி வாழ்ந்து, அவ்வாழ்க்கையைப் பற்றி 'வாய்ஸ்லெஸ் இந்தியா' என்னும் நூலை 1930-ல் வெளியிட்டார். இருவரும் 1932-ல் மணம் புரிந்துகொண்டனர். 1936-ல் ஆய்வுக்கூடமும் குடும்பமும் நிலையாக அல்மோராவுக்குப் பெயர்ந்தன.

கல்கத்தாவும் நியூயார்க்கும் அறிந்த இருவர் சிறியதொரு மலையூரில் என்ன செய்தனர்? போஷி சென் பயிர்களை ஆராய்ந்தார். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்திற்குப்பின் உணவுப் பயிர்களே அவருடைய முதற் கவலையாயின. மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில், மழையை மட்டும் நம்பி, சிறு உழவர் விளைவிக்கக்கூடிய மேம்பட்ட விதைகள் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவரலாயின. 1957-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடம் 1959-ல் உத்தரப் பிரதேச அரசினிடமும், 1974-ல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தினிடமும் சென்று, மலை வேளாண்மைக்குரிய பெரிய நிலையமாக இன்றும் அல்மோராவில் நடைபெற்று வருகிறது. அம்மையாரோ கணவரின் பணிக்குத் துணையாக மட்டும் நின்றவர் அல்லர். எழுத்தே அவருடைய தொழில். அதை மலையிலும் விடவில்லை. இந்திய வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1948-ல் வெளிவந்தது.

1971-ல் போஷி சென் மறைந்தார். அம்மையார் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடவில்லை. மேலும் பதினோர் ஆண்டுகள், 1982-ல் தாமும் மறையும்வரை, அல்மோராவையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். 1976-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. இப்பதினோர் ஆண்டுகளைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கணவனை நம்பி மட்டும் வந்த பெண்ணாயிருந்தால் அவர் அங்கே எதற்காக இருந்திருக்கவேண்டும்? ஊர் அவருக்கும் உரியதாகிவிட்டிருந்தது. அவர் வந்தது ஒருவருடைய கைபற்றி. தங்கியது தம் சொந்தக் காலால்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் என் துணைவியாரும் 2015 முதல் அல்மோராவை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்து வருகிறோம். நான் பணி ஓய்வு பெற்றபின் இவ்வெண்ணத்தை வெளியிட்டபோது அவர் உடனே மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. சில நாட்கள் கழித்து ஒரு கேள்வி கேட்டார். "உங்களோடு அங்கு வர எனக்கு அச்சமில்லை. கரோல்பாகில் நான் இல்லாமற்போனால் பத்துப் பேர் தேடுவார்கள். அங்கே உங்களுக்குப் பிறகு நான் யார்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

தாய்மார்களே, பெரியோர்களே! மலைக்குச் செல்ல எண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படவேண்டிய கேள்வி இதுதான். காற்று எப்படி, காட்சி எப்படி, நிலம் என்ன விலை என்பனவெல்லாம் இதற்குப் பின்னே வரவேண்டியவை. இக்கேள்வி மனைவிக்கு மட்டும் உரியதுமன்று. மனைவி முன்னே சென்றுவிட்டால், காப்பி கலக்கவும் அயலாரோடு நாலு வார்த்தை பேசவும் அறியாத கணவன் மலையில் ஒரு குளிர்காலத்தைக் கூடத் தாங்கமாட்டான். இளையவர்களுக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு மடிக்கணினியில் அலுவல் இருக்கிறது, மற்றவருக்குச் சன்னல் மட்டுமே இருக்கிறது என்றால், ஆறு மாதத்தில் அந்தச் சன்னல் சுவராகிவிடும்.

ஆகவே முதலாவது வேண்டுவது தொழில். சம்பளம் தரும் தொழிலாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஊருக்கு வேண்டிய தொழிலாக இருத்தல் நலம். இங்கு அல்மோராவின் இன்னொரு வரலாற்றையும் சொல்லவேண்டும். 1930-களின் இறுதியில் நாட்டியக் கலைஞர் உதயசங்கர் அங்கே ஒரு கலை மையம் தொடங்கினார். சரோத் மேதை அலாவுதீன் கான் அங்கு இசை கற்பித்தார். பாலசரஸ்வதியின் குருவாகிய நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை தமிழகத்திலிருந்து அவ்வளவு தூரம் சென்று பரதநாட்டியம் பயிற்றினார். தேவதாரு மரங்களுக்கிடையே நம் சொற்கட்டு ஒலித்தது என்பதை நினைக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. ஆயினும் போர்க்காலப் பண முடையால் 1944-ல் அம்மையம் மூடப்பட்டது. அது விளைத்த கலைஞர்கள் நாடெங்கும் புகழ் பெற்றனர். அதன் பயனைக் குறைத்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அதன் பொருளும் மாணவரும் பார்வையாளரும் மலைக்கு வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. போஷி சென்னின் ஆய்வுக்கூடமோ அம்மலையின் வயலுக்கே விடை தேடிற்று. முன்னது சில ஆண்டுகளில் நின்றது. பின்னது 2024-ல் நூறாண்டைக் கண்டது. குடியேறுவோர் இதிலிருந்து ஒரு சிறு பாடம் பெறலாம். ஊரின் தேவையோடு பிணைந்த வேலைக்கு ஊரே தூணாகிறது.

என் துணைவியார் கணிதம் படித்தவர். முதலாண்டில் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்திக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஆண்டில் ஏழு பேர் வந்தனர். மலைநாட்டில் ஆசிரியையைப் 'பெஹன்ஜி' என்று அழைப்பது வழக்கம். இன்று சாலை முனையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் எவருக்கும் தெரியாது. 'பெஹன்ஜியின் வீடு' என்றால் ஆடு மேய்க்கும் சிறுவனும் வழி காட்டுவான். அவர் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை, அவரே உண்டாக்கிக்கொண்டார்.

இரண்டாவது, நீரும் நிலமும். பெருநகரத்தில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. குமாவோன் மலையில் நீருக்கு முகம் உண்டு. ஊற்று கசியும் இடத்தில் கல்லால் படிப்படியாகக் கட்டி, மேலே கூரையிட்ட சிறு நீர்நிலையை அங்கே 'நௌலா' என்கின்றனர். அதைக் கோயில் போல் பேணுவர். நௌலா வற்றாதிருக்க அதன் மேற்சரிவில் 'பாஞ்ஜ்' என்னும் ஓக் மரக்காடு வேண்டும். அதன் சருகும் வேரும் மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகின்றன. 'சீட்' என்னும் ஊசியிலை மரங்கள் பெருகிய இடங்களில் காய்ந்த இலைகள் படிந்து கோடையில் தீப்பற்றுகின்றன. 2024 ஜூன் மாதத்தில் அல்மோராவை அடுத்த பின்சர் சரணாலயத்தில் மூண்ட காட்டுத்தீயில் அதை அணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் உயிரிழந்தனர்.

இமயப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றியோ வற்றிக்கொண்டோ இருக்கின்றன என்று நீதி ஆயோக் 2018-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கோசியும் பனிமலையில் தோன்றும் ஆறன்று; ஊற்றையும் மழையையும் நம்பிய ஆறு. இந்நிலையில் நகரத்திலிருந்து வருபவர் ஆழ்குழாய் இறக்கி, இரண்டு குளியலறை கட்டி, புல்தரைக்கு நீர் பாய்ச்சினால், சரிவின் கீழே குடத்தோடு நிற்கும் பெண்ணின் நடை இன்னும் ஒரு கல் நீள்கிறது. குடியேறுபவர் வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்ப்பதை முதற் கடமையாகக் கொள்ளவேண்டும். நௌலாவைத் தூர்வாரும் நாளில் மண்வெட்டியோடு தாமும் போய் நிற்கவேண்டும். காடும் அவ்வாறே. 1931 முதல் குமாவோனில் 'வன பஞ்சாயத்து' என்னும் அமைப்பின் வழியாக ஊராரே தம் காட்டின் ஒரு பகுதியைக் காத்து வருகின்றனர். புல் எப்பொழுது அறுக்கலாம், விறகு யார் எடுக்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே முறை உண்டு. நாம் எழுப்பும் வேலி அவர்களுடைய பழைய பாதையை அடைத்துவிடலாகாது.

நிலம் வாங்க எண்ணுவோர் சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். உத்தரகண்ட் மாநிலத்தில் நகராட்சி எல்லைக்கு வெளியே வெளியார் வாங்கத்தக்க நிலத்துக்கு 2003-ல் 500 சதுர மீட்டர் என்று எல்லை வகுத்தனர். 2007-ல் அதை 250 சதுர மீட்டராகக் குறைத்தனர். இது நம் சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டைவிடச் சற்றே மிகுதி. 2025-ல் சட்டம் மேலும் இறுகியது. ஹரித்வார், உதம்சிங் நகர் ஆகிய இரண்டு மாவட்டங்கள் நீங்கலாக, மற்றப் பதினொன்றிலும் வெளியார் விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்குவது தடுக்கப்பட்டது. இமாசலப் பிரதேசத்திலும் 1972-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, அம்மாநில உழவரல்லாதார் அரசு அனுமதியின்றி நிலம் வாங்க இயலாது. இச்சட்டங்களைக் கண்டு சிலர் சினம் கொள்கின்றனர். நிலத்தை விற்றுவிட்ட மலைவாணன் அதே நிலத்தில் எழும் விடுதிக்குக் காவலாளியாக நிற்கக்கூடாது என்னும் அச்சமே இவற்றின் வேர். நம் ஊரில் ஆற்றங்கரை நிலத்தை வெளியூரார் வாங்கி மதில் எழுப்பினால் நாம் என்ன நினைப்போம் என்று எண்ணிப் பார்த்தால் அவர்கள் நினைப்பதும் விளங்கும்.

வீடு கட்டுவோர்க்கு மலை தரும் எச்சரிக்கைகள் வேறு. 1991-ல் உத்தரகாசியும் 1999-ல் சமோலியும் நிலநடுக்கத்தால் குலைந்தன. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரின் வீடுகள் பல வெடித்துப் பிளந்தன; குடும்பங்கள் இரவோடிரவாக வெளியேறின. 2021 அக்டோபரில் பெய்த மழையில், முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340 மில்லிமீட்டர் பதிவாயிற்று. சரிவில் நீர் ஓடும் பழைய வழியை அடைத்துக் கட்டிய வீடு, எவ்வளவு அழகாயினும், மழைக்கு உரியது. கல்லும் மரமும் கொண்டு இரண்டு நிலைக்கு மேற்படாமல் கட்டிய பழைய குமாவோன் வீடுகளைப் பார்த்து, அவை எங்கே நிற்கின்றன, எங்கே நிற்கவில்லை என்று கற்றுக்கொள்வதே நல்லது.

மூன்றாவதாக, நாம் ஏறும் அதே சாலையில் இறங்கி வருவோரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி அல்மோரா மாவட்டத்தில் 6,22,506 பேர் வாழ்ந்தனர். முந்தைய பத்தாண்டைவிட அத்தொகை குறைந்திருந்தது. பௌரி மாவட்டத்திலும் அவ்வாறே. நாடெங்கும் மக்கள் பெருகிவந்த காலத்தில் இவ்விரு மாவட்டங்களும் தேய்ந்தன. மாநில அரசின் இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் அளித்த அறிக்கை, 2011-க்குப் பிறகு 734 சிற்றூர்கள் ஆளில்லாமற் போயின என்று கணக்கிட்டது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் மருத்துவத்துக்காகவும் இளைஞர் இறங்குகின்றனர். வீடு பூட்டப்படுகிறது, படிக்கட்டு வயலில் புதர் மண்டுகிறது, புதரில் பன்றியும் குரங்கும் பெருகி, மிஞ்சியிருக்கும் உழவனின் விளைச்சலையும் அழிக்கின்றன, அவனும் இறங்குகிறான்.

இதைக் கேட்கும்போது நமக்கு நம் ஊர் நினைவுக்கு வரவில்லையா? நம்முள் எத்தனை பேருக்குத் தஞ்சையிலோ நெல்லையிலோ பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு இருக்கிறது! அதன் சாவி தில்லி வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஊரை விட்டு வருவது எத்தகையது என்பதை அறிந்த நாம், ஊரை விட்டவர்களின் ஊருக்குப் போகிறோம். ஆகையால் மற்றவர்களைவிட நமக்குப் பொறுப்பு மிகுதி. ஆண்டில் இரண்டு மாதம் திறந்து, பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டை நாமும் கட்டினால், பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினோம் என்பதே மிச்சம். மாறாக, ஆண்டு முழுவதும் அங்கே அடுப்பெரித்து, அவ்வூர்க் கடையில் வாங்கி, அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து, குழந்தை இருந்தால் அவ்வூர்ப் பள்ளியிலேயே சேர்த்து வாழ்ந்தால், ஓர் ஊர் தேய்வதைச் சிறிதளவேனும் தடுத்தவர்களாவோம்.

இனி இல்லறத்துக்குரிய சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே 'மடுவா' என்பது நம் கேழ்வரகு. 'கஹத்' என்பது நம் கொள்ளு. 'ஜங்கோரா' என்பது நம் குதிரைவாலி. நம் பாட்டிமார் உண்டு நாம் மறந்த தானியங்கள் அங்கே அன்றாட உணவாக இருக்கின்றன. கொள்ளுச் சாற்றைக் குளிருக்கு நல்லதென்று கருதி அவர்களும் காய்ச்சுகின்றனர், நாமும் காய்ச்சினோம். அயல்வீட்டாரோடு உறவு தொடங்க ஒரு கிண்ணம் கொள்ளு ரசத்தினும் நல்ல வழி எனக்குத் தெரியாது. தை மாதத்தில் இட்லி மாவு புளிக்காது. அடுப்படியில் கம்பளி சுற்றி வைத்துப் பொறுத்திருக்கவேண்டும். ஆனால் குளிருக்கு அஞ்சி அங்கீட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே தீங்கு. கரிப்புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு உண்டு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் உயிரிழப்போர் உளர்.

மொழி அடுத்தது. தில்லியில் பழகிய இந்தி கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும். மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து பேசக் குமாவோனி வேண்டும். பத்துச் சொல் பேசினாலும் அவர்கள் முகம் மலர்வதைக் காணலாம். பிறமொழி நாட்டில் நம் காதில் ஒரு தமிழ்ச் சொல் விழும்போது நாம் அடையும் மகிழ்ச்சியை எண்ணினால் இது விளங்கும்.

மருத்துவத்தைப் பற்றி மறைக்காமற் சொல்லவேண்டும். அல்மோராவில் இப்பொழுது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயினும் நுண்ணிய சிகிச்சை வேண்டுமானால் ஹல்த்வானிக்கோ தில்லிக்கோ இறங்கவேண்டிவரும். மலைச்சாலையில் ஒரு மணி நேரம் என்பது சமவெளியின் ஒரு மணி நேரமன்று. மழைக்காலத்தில் அது எவ்வளவாகும் என்று எவராலும் சொல்ல இயலாது. இதய நோயும் மூச்சிரைப்பும் முழங்கால் வலியும் உடையவர்கள் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்யவேண்டும். வாசலில் வண்டி நிற்கும் வீடே முதியோர்க்கு ஏற்றது. நூறு படி இறங்கும் வீட்டின் காட்சி எவ்வளவு சிறந்ததாயினும் நோயாளியைச் சுமப்பவருக்கு அந்தக் காட்சி தெரியாது.

ஆகவே என் யோசனை இதுதான். தில்லி வீட்டை உடனே விற்றுவிடாதீர்கள். மலையூரில் ஒரு சிறிய வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுங்கள். புராஞ்ச் மலர் சிவக்கும் பங்குனியையும் காபல் பழம் பழுக்கும் சித்திரையையும் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. ஆடி ஆவணி மழையை ஒருமுறை பாருங்கள். மார்கழி தைக் குளிரை ஒருமுறை பாருங்கள். விருந்தினர் எவரும் வராத மாதங்களில் இருவரும் ஒருவரோடொருவர் எவ்வாறு இருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நகரத்தில் பேருந்தும் அலுவலகமும் உறவினரும் பங்கிட்டுக்கொண்ட மனத்தாங்கல்கள் அனைத்தும் மலையில் ஒரே அறைக்குள் வந்து அமர்கின்றன. அவற்றைப் பேசித் தீர்க்கக் கற்ற தம்பதியருக்கு அந்த அறை போதும். கல்லாதவர்க்கு நந்தாதேவியும் போதாது. ஓராண்டு வாழ்ந்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று இறங்கி வருவதில் இழிவு ஏதுமில்லை. ஒருவர் மட்டும் உள்ளுக்குள் வெதும்பிக்கொண்டு மற்றவருக்காகத் தங்கியிருப்பதே கேடு.

இறுதியாக ஒன்று. ஓராண்டு முடியும்போது இருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள்: "துணை இல்லாமல் நான் ஒருவனாக, அல்லது ஒருத்தியாக, இவ்வூரில் இருக்கவேண்டிவந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்? எந்த வேலைக்காகக் காலையில் எழுவேன்? என்னை எதிர்பார்த்து யார் இருப்பார்கள்?" இரண்டு தாளிலும் விடை இருந்தால் தயக்கமின்றிக் குடியேறுங்கள். ஒரு தாள் வெறுமையாக இருந்தால் இன்னும் ஓராண்டு காத்திருங்கள். அத்தாளை நிரப்பத் துணை நிற்பதே மற்றவருடைய அவ்வாண்டுப் பணியாகட்டும்.

அத்தகைய இருவரை மலை இருவராகவே ஏற்றுக்கொள்ளும். பின்னொரு நாள் ஒருவராயினும் கைவிடாது.